மண்ணரையில் ஓர் எலிப்பொறிச் சுவர்

அன்று காலை எனக்கும் தண்ணீர் லாரி டிரைவருக்கும் நல்ல சண்டை. லாரிக் குழாயில் ஒரு கை தண்ணீர் பிடித்து வாயில் வைத்தேன். நாக்கு கரித்தது. துப்பிவிட்டு, திருப்பிக் கொண்டு போகச் சொன்னேன்.

"கட்டடத்துக்குத்தானுங்களே மேடம். நீங்க குடிக்கவா போறீங்க?" என்றார் டிரைவர்.

"நான் குடிச்சா ஒரு நாள் வயித்துவலியோட போயிருமுங்க. செவுரு குடிச்சா காலத்துக்கும் உதுந்துட்டே இருக்குமுங்க."

திருப்பூரில் அப்போதெல்லாம் இது வழக்கமான சண்டை. சாயப்பட்டறைகளின் புண்ணியத்தில் போர்வெல் தண்ணீர் ஒரு நாள் ரோஸ் நிறத்தில் வரும், மறுநாள் பாசி நிறத்தில் வரும். எந்த நிறத்தில் வந்தாலும் உப்பு மட்டும் குறையாது. அதனால் கட்டட வேலைக்குக்கூட வெளியூர்த் தண்ணீரை லாரியில் வாங்க வேண்டியிருந்தது. எங்கள் கொத்து வேலைப் பயிற்சியில் முதல் பாடமே தண்ணீரை ருசி பார்ப்பதுதான்.

டிரைவர் லேசில் விடுகிற ஆள் இல்லை. எனக்கும் வாய் நீளம். கடைசியில் அவர் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார். ஜெயித்த சந்தோஷத்தில் நானும் திரும்பினேன்.

சாரத்தின் மேல் சுவர் கட்டிக்கொண்டிருந்த புஷ்பத்தைக் காணவில்லை. அவள் நின்ற இடத்தில் சின்னச்சாமி மேஸ்திரி நின்றிருந்தார். புஷ்பத்தின் கொத்துக் கரண்டி அவர் கையில் இருந்தது.

அப்போதுதான் வாசலில் முதலாளியின் கார் வந்து நின்றது.

அந்தக் காலையை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. ஒரு சுவரின் மேல் ஆள் மாறி நின்றதற்கா இவ்வளவு என்று கேட்பீர்கள். அதனால் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்லிவிடுகிறேன்.

வெயில் ஏறாத சுவர்

நான் சிவில் டிப்ளமோ படித்தவள் என்பதைச் சென்ற வாரங்களில் சொல்லியிருக்கிறேன். குன்னத்தூரில் எங்கள் சொந்தக்காரர்கள் அப்பாவிடம், "புள்ளைய எதுக்குங்க செங்கல் எண்ணறதுக்குப் படிக்க வெக்கறீங்க?" என்று கேட்டார்கள். அப்பா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். அவருடைய பாணி அது.

இரண்டாயிரம் பிறந்த புதிதில் திருப்பூரில் கட்டடம் முளைக்காத சந்து இல்லை. பனியன் கம்பெனி ஷெட்டுகளை வெளியூரிலிருந்து லாரி லாரியாக இரும்புச் சட்டங்கள் கொண்டுவந்து போல்ட் போட்டு முடுக்கி எழுப்பினார்கள். வெறும் காடாக இருந்த இடத்தில் ஒரு மாதம் கழித்துப் போனால் கம்பெனி ஓடிக்கொண்டிருக்கும். மிஷினுக்கெல்லாம் அப்படி ஒரு உபசாரம். அந்த மிஷினை ஓட்டுகிறவர்கள் படுக்கிற அறைகள்தான் பழைய மாதிரியே இருந்தன. ஒரே வரிசையாக லைன் வீடுகள், மேலே சிமெண்ட் அட்டை.

நைட் ஷிப்ட் முடித்து வந்தவர்கள் பகலில் அந்த அட்டைக்குக் கீழே தூங்க வேண்டும். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், போர்வையை நனைத்து ஜன்னலில் தொங்கவிட்டு, ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு குழந்தையோடு படுத்திருந்ததை திருப்பூரை ஒட்டிய மண்ணரையில் பார்த்திருக்கிறேன். குழந்தையின் கழுத்து முழுக்க வேர்க்குரு. அந்தக் குழந்தை அழக்கூட இல்லை, அதற்கும் தெம்பு வேண்டுமே.

நான் அப்போது ஒரு தொண்டு நிறுவனத்தின் பயிற்சி மையத்தில் சேர்ந்திருந்தேன். அவிநாசி ரோட்டில் பழைய பனியன் வேஸ்ட் குடோன்தான் மையம். காற்றடித்தால் உத்தரத்திலிருந்து பஞ்சு உதிர்ந்து கலவையில் விழும். அங்கே சித்தாள் வேலை பார்க்கும் பெண்களுக்குக் கொத்து வேலை பழக்கினோம். அதுவும் புது மாதிரிக் கட்டு.

செங்கலைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, உள்ளே இரண்டு வரிசைக்கு நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. செங்கல் மிச்சம். வெளி வெயில் உள்ளே ஏறாது. மேலே பூச்சும் தேவையில்லை. மேல் தளத்தில் கான்கிரீட்டுக்கு நடுவே பழைய ஓடுகளைப் பதித்துவிட்டால் அதுவும் குளிர்ச்சி. இந்தச் சுவருக்கு எலிப்பொறிக் கட்டு என்று பெயர்.

பெயரைக் கேட்டதும் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "ஏனுங்க மேடம், ஊடு கட்டறீங்களா, எலி புடிக்கறீங்களா?"

மண்ணரையில் லைன் வீடு கட்ட இடம் வாங்கிப் போட்டிருந்த ஒரு கம்பெனி முதலாளியும் இதையே கேட்டுவிட்டுத்தான் சிரித்தார். ஆனால் காது கொடுத்துக் கேட்டார். "செரி, ஒரே ஒரு ரூம் கட்டிக் காட்டுங்க. பொம்பளைங்களே கட்டட்டும். நல்லா வந்துச்சுன்னா மிச்ச லைன் பூரா அவீங்களுக்கே உட்டர்றேன்" என்றார்.

அந்த மிச்ச லைன்தான் எங்களுக்கு எல்லாம். அது கிடைத்தால் எங்கள் பெண்கள் திருப்பூரில் கொத்தனார்கள். கிடைக்காவிட்டால் மறுபடியும் தலையில் சும்மாடு.

கேட்பதற்கு முன்பே

அந்த ஒரு அறையைக் கட்டும் பொறுப்பு புஷ்பத்தினுடையது. முழுப் பெயர் மரியபுஷ்பம். அவிநாசிப் பக்கத்து ஊர்க்காரி. ஏறக்குறைய என் வயது. புருஷன் இல்லை. ஒரு மகன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான்.

சித்தாளாக அவளுக்கு இருந்த பெயரைச் சொல்லியாக வேண்டும். சித்தாள் வேலை என்றால் கல் சுமப்பது, கலவை சுமப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சுமப்பது பாதி வேலை. கொத்தனார் சுவரைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கையைப் பின்னால் நீட்டுவார். அந்தக் கையில் அந்த நேரத்துக்கு வேண்டியது வந்து உட்கார வேண்டும். முழுக்கல்லா, அரைக்கல்லா, நூலா, தூக்குக்குண்டா என்று அவர் வாய் திறந்து சொல்லும்படி வைத்தால் அவள் மட்டமான சித்தாள்.

புஷ்பத்திடம் யாரும் வாய் திறந்து கேட்டதே இல்லை. கை நீளும்போதே சாமான் அதில் இருக்கும். அவளைத் தன் ஜோடிக்கு எடுத்துக்கொள்ள மேஸ்திரிகள் சண்டை போட்டிருக்கிறார்கள். சின்னச்சாமி மேஸ்திரியே என்னிடம், "புஷ்பா இருந்தா எனக்கு மூணு கையி இருக்கற மாதரீங்க மேடம்" என்று சொல்லியிருக்கிறார்.

பயிற்சியில் அவளுக்குக் கரண்டி பிடிக்க வரவில்லை என்று சொல்லவே முடியாது. கண் பழகிய வேலை, கைக்கு வந்துவிட்டது. உட்காருவதுதான் வரவில்லை. பக்கத்தில் யாராவது "கலவை" என்று குரல் கொடுத்தால் போதும், கட்டிக்கொண்டிருக்கும் கல்லை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடுவாள். நான் தோளைப் பிடித்து உட்கார வைப்பேன். மற்ற பெண்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

ஒருநாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்: "எனக்கு ஒரே ஆசைதானுங்க மேடம். நா சாரத்து மேல நிக்கோணும். கீழ இருந்து ஆராச்சும் மேஸ்திரீன்னு கூப்புடோணும். நா திரும்பாமயே என்னன்னு கேக்கோணும்."

"திரும்பாமயே எதுக்கு?" என்றேன்.

"அவீங்க அப்படித்தானுங்க கேப்பாங்க."

வேட்டியும் துண்டும்

நிலை வைத்த நாள்தான் எங்களுக்கு நல்ல நாள். வாசல் நிலையை நிறுத்தும்போது மஞ்சள் குங்குமம் வைத்து, பூப்போட்டு, தேங்காய் உடைத்து, மேஸ்திரிக்கு வேட்டியும் துண்டும் கொடுப்பது எங்கள் பக்கத்து முறை. முதலாளியின் வீட்டம்மா தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வேட்டி துண்டைக் கொண்டுவந்துவிட்டார்கள். கொண்டுவந்த பிறகுதான் அதை யாரிடம் கொடுப்பது என்று அவர்களுக்குத் திகைப்பு.

"மேஸ்திரி ஆருங்க?" என்று மெதுவாகக் கேட்டார்கள்.

நான் புஷ்பத்தை முன்னால் தள்ளினேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு அவர்கள் கொடுத்த மஞ்சளைக் குழைத்து நிலைக்கும் பூசினாள். இரண்டையும் ஒரே கையால் செய்ததில் அவளுக்கு ஒரு சங்கடமும் இல்லை. தாம்பாளத்தை வாங்கியவள் துண்டை எடுத்து உதறி, சேலைத் தலைப்புக்கு மேலேயே தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டாள். வீட்டம்மாவுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்றைக்கு சாயங்காலம் வரை அந்தத் தலைப்பாகையோடுதான் கட்டினாள்.

சுவர் நன்றாக வந்தது. பூசாத சுவர் என்பதால் ஒவ்வொரு கல்லும் தெரியும், ஒளிக்க ஒன்றுமில்லை. ஜன்னல் மட்டத்துக்கு ஏறியதும் அந்த வழியாகப் போகிற மற்ற கொத்தனார்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். கேலி பேச வந்தவர்கள் பேசாமல் போனதே எனக்குப் பெரிய சர்டிபிகேட்.

நீண்ட கை

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

நிலைக்கு மேலே இன்னும் கொஞ்ச வரிசைதான் பாக்கி. முதலாளி வந்து பார்த்து மிச்ச லைனைப் பற்றி முடிவு சொல்வதாக ஏற்பாடு. அதே இடத்தில் காம்பவுண்டுச் சுவர் வேலை சின்னச்சாமி மேஸ்திரியிடம் இருந்தது. அவர் டீ குடித்துவிட்டு எங்கள் பக்கம் வந்திருக்கிறார். நான் லாரிக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் நடந்ததைப் பார்க்கவில்லை. பிறகு மற்ற பெண்கள் சொன்னதுதான்.

மேஸ்திரி சும்மா சாரத்தில் ஏறினாராம். சுவரை ஒரு பார்வை பார்த்தாராம். "மொதலாளி வர்ற நேரமாச்சே. சித்த அக்கட்டால நில்லு அம்மிணி, நாலு கல்லு நா வெச்சுத் தாறேன், வெசையா முடியட்டும்" என்று சொல்லி, சுவரைப் பார்த்தபடியே கையைப் பின்னால் நீட்டியிருக்கிறார்.

புஷ்பம் கரண்டியை அந்தக் கையில் வைத்துவிட்டாள்.

வைத்ததோடு நிற்கவில்லை. ஏணியில் இறங்கினாள், சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்தாள், கலவைச் சட்டியைத் தூக்கினாள். அவளைப் பார்த்து மற்ற பெண்களும் வரிசையாக நின்று கல்லைக் கைமாற்ற ஆரம்பித்துவிட்டார்கள். யாரும் யாரையும் ஏவவில்லை. அத்தனை மாதப் பயிற்சியும் ஒரு கை நீண்டதில் போய்விட்டது.

நான் திரும்பிப் பார்த்தது இதைத்தான். முதலாளி காரிலிருந்து இறங்கிப் பார்த்ததும் இதைத்தான். மேலே ஆம்பிளை கட்டிக்கொண்டிருக்கிறார், கீழே பெண்கள் சுமக்கிறார்கள்.

அவர் கெட்ட மனுஷன் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் நாலு திட்டு திட்டி மனதை ஆற்றியிருப்பேன். அவர் சிரித்த முகத்தோடு என்னிடம் வந்து, "பரவால்லீங்க மேடம். எத்தனை பழக்குனாலும் கடேசில ஒரு ஆம்பள கை வேண்டித்தான் இருக்குது. அதுல ஒண்ணும் தப்பில்லீங்க" என்றார்.

"இல்லீங்க. அடியில இருந்து இது வரைக்கும் கட்டுனது பூரா புஷ்பம்தானுங்க" என்று கத்தினேன். அவ்வளவு சத்தம் தேவையில்லை. ஆனால் என் தொண்டை என் பேச்சைக் கேட்கவில்லை.

சின்னச்சாமி மேஸ்திரியும் பதறிப்போய்க் கீழே இறங்கிவிட்டார். "ஆமாங்க மொதலாளி. நா சும்மா ஒத்தாசைக்கு ஏறுனனுங்க. செவுரு அவீங்க கட்டுனதுங்க. எனக்கு இந்தக் கட்டே தெரியாதுங்க."

முதலாளி அவர் தோளில் தட்டினார். "உனக்குப் பெரிய மனசு சின்னச்சாமி" என்றார்.

மேஸ்திரிக்கு அந்தக் கட்டுத் தெரியாது என்பதற்குச் சுவரே சாட்சியாக இருந்தது. அவர் வைத்த கற்கள் எல்லாம் பழைய மாதிரிப் படுத்துக் கிடந்தன. சுற்றி நிற்கிற கற்களுக்கு நடுவே அவை மட்டும் தனியாகத் தெரிந்தன. அதைவிட, அவர் போகும்போது புஷ்பத்திடம் சொன்னதுதான் கொடுமை. "செவுத்துக்குள்ள பொந்து பொந்தா இருந்துச்சு அம்மிணி, கலவை போட்டு அடைச்சு உட்டுட்டேன்." வெயிலைத் தடுக்க நாங்கள் விட்ட வெற்றிடத்தை, எங்களுக்கு உதவி செய்கிறேன் என்று அடைத்திருந்தார்.

முதலாளி கற்களைப் பார்க்கவே இல்லை. கரண்டி யார் கையில் இருக்கிறது என்பதைப் பார்த்தார், அதோடு அவர் மனதில் எல்லாம் முடிந்துவிட்டது. மிச்ச லைன் சின்னச்சாமி மேஸ்திரிக்குப் போனது.

கீழே நின்று சொன்னவள்

அன்று நான் புஷ்பத்தை என்ன என்னவோ கேட்டேன். கோபத்தில் மரியாதை இல்லாமலும் கேட்டிருப்பேன். அவள் கலவை படிந்த தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யோசிச்சுக் குடுக்கலீங்க மேடம். கையி போயிருச்சுங்க" என்றாள்.

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "அடுத்தாப்புல வர்ற புள்ளைங்களுக்கு மொதல்ல குடுக்காம இருக்கப் பழக்கி உடுங்க. கட்டறதை அப்பறம் பழக்கிக்கலாம்" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். நானும் அழுதேன். சிமெண்ட் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து இரண்டு பேரும் அழுததைப் பார்த்து, வாட்ச்மேன் யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்துப் பக்கத்தில் வந்து நின்றார்.

மிச்ச லைனையும் அதே குளிர்ச்சியான எலிப்பொறிக் கட்டாகவே கட்டச் சொல்லிவிட்டார் முதலாளி. மேஸ்திரிக்கோ கட்டுத் தெரியாது. புஷ்பத்தைக் கூப்பிட்டார், சித்தாளாக.

போகமாட்டாள் என்று நினைத்தேன். போனாள். "பையன் பள்ளிக்கூடத்துக்குப் போகோணுமில்லீங்க" என்றாள்.

ஒருநாள் மனசு கேட்காமல் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். மேலே இரண்டு கொத்தனார்கள். கீழே தலையில் சட்டியோடு புஷ்பம். "அந்தக் கல்லை நிறுத்தி வையுங்ணா. குறுக்குக் கல்லு இப்ப வரோணும். உள்ள கலவை உழுகாம பாத்துக்கங்க" என்று அண்ணாந்து சொல்லிக்கொண்டே அவர்கள் கை நீட்டும்போதெல்லாம் கல்லைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த லைன் முழுவதும் அவள் வாய் சொல்ல மற்றவர்கள் கை கட்டியதுதான். நான் கூப்பிடாமலேயே திரும்பி வந்துவிட்டேன்.

அவள் சொன்னதை அடுத்து வந்த பெண்களிடம் செய்து பார்த்தேன். முதல் நாள் எல்லோர் கையிலும் ஒரு செங்கலைக் கொடுத்து நிற்க வைத்து, முன்னால் போய் ஒன்றும் பேசாமல் கையை நீட்டினேன். வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். கொடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு மறுபடியும் நீட்டினேன். கொடுக்காமல் இருக்க முடிந்தது, ஆனால் முகத்தில் ஏதோ மரியாதைக் குறைவாக நடந்துகொண்ட மாதிரிக் கூச்சம். சிலருக்குப் பழகியது. பழகியவர்களுக்கும் வேலை கொடுக்க ஊரில் ஆள் இல்லை.

மையத்துக்கு வந்துகொண்டிருந்த உதவி நின்றது. குடோன் மறுபடியும் பனியன் வேஸ்ட்டுக்கே போனது. எங்கள் பெண்கள் ஒவ்வொருவராகக் கம்பெனிகளுக்குப் போனார்கள். டெய்லர் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுக்கிற வேலை, கைமடி என்பார்கள். வெயில் இல்லை, தலையில் பாரம் இல்லை. நல்லதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனசு ஒத்துக்கொள்ளவில்லை.

குன்னத்தூர் பஸ்ஸுக்கு நின்றபோது

பல வருஷம் கழித்து, அவிநாசித் தேர் முடிந்த ஒரு மதியத்தில் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். யாரோ பின்னாலிருந்து முழங்கையைத் தொட்டார்கள். புஷ்பம். முடி நரைத்திருந்தது. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. பக்கத்தில் புதுத் தாலிக்கயிற்றோடு ஒரு சின்னப் பெண்.

"நல்லாருக்கீங்களா மேடம்? சாப்புட்டீங்களா? என்ற மருமவளுங்க" என்றாள்.

அந்தப் பெண் கும்பிட்டாள். "ஆருங்கத்த இவங்க?" என்று மாமியாரிடம் கேட்டாள்.

"மேடம் கண்ணு. நா முந்தி சித்தாளு வேலைக்குப் போயிட்டிருந்தனில்ல, அப்பப் பழக்கம்."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "உங்கத்த சித்தாளு மட்டுமில்ல கண்ணு. மண்ணரைல ஒரு ஊட்டைக் கடைக்கால்ல இருந்து கட்டுனவங்க. சாரத்து மேல நின்னு கொத்து வேலை பாத்தவங்க" என்றேன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். "மேடம் நல்லா தமாஷ் பண்றாங்கத்த."

நான் புஷ்பத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமா கண்ணு, நெசந்தான் என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன்.

அவள் மருமகளின் தலையில் சரிந்திருந்த பூவைச் சரிசெய்தாள். "மேடம் எப்பவுமே அப்படித்தான் கண்ணு. எங்களைச் சிரிக்க வெச்சுட்டே இருப்பாங்க" என்றாள்.

அவர்களுடைய பஸ் வந்தது. கூட்டத்தில் மருமகளை முன்னால் ஏற்றிவிட்டு, என்னிடம் போய்ட்டு வர்றனுங்க என்று சொல்லி அவளும் ஏறிக்கொண்டாள்.